வாசல் குழாய்க்கு எந்த வால்வு? கேட், பித்தளை பால், பிளாஸ்டிக்: ஓர் ஒப்பீடு

வீட்டுக் குழாய்களிலேயே அதிகம் அடி வாங்குவது வாசல் குழாய்தான். ஹோஸை மாட்டி இழுப்பார்கள், வண்டி கழுவ வருபவர் பலம் கொண்ட மட்டும் திருகுவார், நாள் முழுக்க வெயில் வேறு. குழாய் போனால் போகட்டும், புதிது மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் வால்வு மூடவில்லை என்றால், ஒரு சின்ன வாஷர் மாற்றுவதற்காக மாடித் தொட்டியையே காலி செய்ய வேண்டியிருக்கும்.

வால்வை மாற்றியே ஆக வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே, தண்டு வெளியே வரும் இடத்தில் கசிந்தால் அது கிளாண்ட் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பு) கோளாறு. அங்குள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் லைனை அடைத்துவிட்டு, கிளாண்ட் கயிறோ டெஃப்லான் டேப்போ சுற்றி மறுபடி இறுக்கலாம். வால்வை முழுதாக மூடி, வாசல் குழாயைத் திறந்து விட்டு, பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் வடிந்த பிறகும் நூல்போல ஒழுகிக்கொண்டே இருந்தால் உள்ளே அடைப்பான் வந்து உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது. அதை ரிப்பேர் செய்வது வீண்வேலை.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் முக்கியமாகச் சேர்ந்த உலோகக் கலவை) கேட் வால்வு. உள்ளே ஓர் ஆப்பு வடிவக் கதவு, திருகத் திருக இறங்கி வழியை அடைக்கும். முழுதாகத் திறந்தால் தண்ணீருக்குத் தடையே இல்லை என்பது இதன் பெரிய பலம். பலவீனம் போர் தண்ணீர். கதவு இறங்கும் பள்ளத்தில் மணலும் உப்புப் படிவும் சேர்ந்துவிட்டால் கதவு அடி வரை போகாது. "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போமே" என்று பலத்தைக் காட்டினால் தண்டு முறியும். தண்ணீரைக் குறைத்து விடுவதற்காகப் பாதி திறந்து வைக்கும் பழக்கமும் இதற்கு ஆகாது. கதவு அதிர்ந்து அதிர்ந்து ஓரம் தேயும். புதிதாக வாங்கினால் ஐ.எஸ். 778 (இந்தியத் தர நிர்ணயம்) முத்திரை உள்ளதாகப் பாருங்கள். இருந்தாலும், எப்போதோ ஒருமுறை மட்டும் மூடப்போகிற வாசல் லைனுக்கு இன்று கேட் வால்வு வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

பித்தளை பால் வால்வில் துளை போட்ட ஓர் உருண்டை, இருபுறமும் டெஃப்லான் வளையம், ஒரு லிவர், அவ்வளவுதான். கால் சுற்றில் மூடிவிடும். லிவர் பைப்போடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். மணல் தங்கப் பள்ளம் கிடையாது. ஆனால் கடையில் கிடைக்கும் எல்லா பால் வால்வும் ஒன்றல்ல. துளை வழியாகக் கண்ணை வைத்துப் பாருங்கள். முக்கால் இஞ்ச் வால்வுக்குள் அரை இஞ்ச் ஓட்டைதான் இருக்கிறதென்றால் அது குறுகிய வகை. மாடித் தொட்டி வீடுகளில் இது முக்கியம். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ அழுத்தம் கிடைக்கும், ஒரு மாடி வீட்டின் வாசலுக்கு அதைவிடவும் குறைவு. அந்தக் கொஞ்ச அழுத்தத்தையும் வால்விலேயே தொலைத்துவிட்டால் ஹோஸ் செடி வரை போகாது. இன்னொன்று, கையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். மலிவு வால்வுகளில் உருண்டை இரும்பாக இருக்கும், மேலே பளபளப்புப் பூச்சு மட்டும். உப்புத் தண்ணீரில் அந்தப் பூச்சு உரிந்ததும் உருண்டை துருப்பிடித்து வளையத்தைக் கிழித்துவிடும். லிவர் காந்தத்தில் ஒட்டினால் பரவாயில்லை, உருண்டை ஒட்டக் கூடாது.

இதற்கும் ஒரு குறை உண்டு. வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் உருண்டையின் மேல் சுண்ணாம்புப் படிவு ஏறி இறுகிவிடும். மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் இந்தத் தொல்லை வராது. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் நல்ல உப்பு என்றால் சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகம் மெல்ல அரித்துப்போய் உலோகம் பொடபொடவென்று ஆகிவிடும். நான் சொன்ன விதிவிலக்கு இதுதான். அங்கே கன்மெட்டல் கேட் வால்வு பித்தளையைவிட நின்று பிடிக்கும். அதைவிட எளிய வழி பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் பால் வால்வைப் பற்றி நல்ல பேர் இல்லை. அதற்குக் காரணம் மலிவு ரகமும் வெயிலும். நேர் வெயிலில் நாளாக ஆகப் பிளாஸ்டிக் முறுகி, கைப்பிடி கையோடு வந்துவிடும். ஆனால் உப்பு இதை ஒன்றும் செய்யாது, வீட்டுக்கு வரும் அழுத்தமும் இதற்குப் பெரிதல்ல. லைனே பி.வி.சி. என்றால் என் ஓட்டு இதற்குத்தான், யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய நட்டு இணைப்பு) வைத்த வகையாக இருந்தால். இருபக்க நட்டையும் கையாலேயே கழற்றி வால்வை மட்டும் உருவிவிடலாம், அடுத்த முறை பைப்பை அறுக்க வேண்டாம். ஒட்டிப்போடும் சாதா வகை விலை குறைவுதான், ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பைப்பில் ஒரு துண்டு குறையும். மேலே ஒரு மூடியோ நிழலோ கொடுத்துவிட்டால் போதும். யு.பி.வி.சி. (சாதா தண்ணீர் பைப்), சி.பி.வி.சி. (சுடுதண்ணீரும் தாங்கும் பைப்) இரண்டுக்கும் ஒட்டும் சொல்யூஷன் வேறு வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

வாஷர் வைத்த ஸ்டாப் காக்கும் கடையில் காட்டுவார்கள். வாஷர் மாற்றுவது சுலபம். ஆனால் தண்ணீர் உள்ளே வளைந்து வளைந்து போவதால் தொட்டி அழுத்தத்துக்கு ஒத்துவராது.

மாட்டும் வேலையிலும் வித்தியாசம் இருக்கிறது. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் பக்கத்தில் யூனியன் இல்லாவிட்டால் நடுவிலிருக்கும் வால்வைத் திருகி எடுக்கவே முடியாது. ஒரு பக்கம் கழன்றால் மறுபக்கம் இறுகும். பைப்பை அறுத்து யூனியன் போட்டே தீர வேண்டும். இரண்டு பைப் ரெஞ்சு வேண்டும், ஒன்று பழைய பைப்பைப் பிடித்துக்கொள்ள. இல்லையென்றால் துருப்பிடித்த மரை சுவருக்குள்ளேயே உடைந்து வேலை பத்து மடங்காகும். கேட் வால்வு இருந்த இடத்தில் பால் வால்வு நீளம் ஒத்துவராது, நிப்பிள் (இருமுனையிலும் மரை உள்ள சின்னப் பைப் துண்டு) மாற்ற வேண்டியிருக்கும். சுவரை ஒட்டிய லைன் என்றால் நீள லிவர் திரும்ப இடமிருக்காது, குட்டையான கைப்பிடி வைத்ததைக் கேளுங்கள். பித்தளை வால்வை முறுக்கும்போது பைப்புக்குப் பக்கத்திலுள்ள முனையில்தான் ரெஞ்சு போட வேண்டும், மறுமுனையில் போட்டால் வால்வின் உடலே கழன்றுவிடும். பிளாஸ்டிக்கைப் பித்தளையோடு சேர்க்கிற இடத்தில், உள்ளே பித்தளை மரை வைத்த இணைப்பை வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் மரை இறுக்கத்தில் விரிசல் விடும்.

ஜி.ஐ. லைனா? முழுத்துளைப் (உள் ஓட்டை குறுகாத) பித்தளை பால் வால்வு, கூடவே ஒரு யூனியன். பி.வி.சி. லைனா? யூனியன் வைத்த பிளாஸ்டிக். பிரஷர் பம்ப் உள்ள வீட்டில் எந்த பால் வால்வையும் சடாரென்று மூடாதீர்கள், பைப் அதிர்ந்து இணைப்புகள் விட்டுப்போகும். கழற்றிய கன்மெட்டல் வால்வைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பழைய சாமான் கடையில் எடைக்கு நல்ல விலை தருவார்கள்.