கார்புரேட்டரா, எஃப்ஐயா: மண்பாதையில் நின்றுபோனால் எது தேவலை?

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக் 2016-ல் கார்புரேட்டரோடு (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வந்தது, 2017-லிருந்து எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன், பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சுவது). செகண்ட் ஹேண்டில் தேடும் சென்னைக்காரர்கள் குழம்புவது இங்கேதான்.

கார்புரேட்டரில் கோளாறு ஒளிந்துகொள்ளாது. சோக் இழுத்தால் மட்டும் ஓடி, விட்டதும் அணைந்தால் பெரும்பாலும் பைலட் ஜெட் (இஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் சிறு துளை) அடைப்பு. மழையில் வேளச்சேரித் தண்ணீரைக் கடந்ததும் திக்கினால், கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அதிகம் சேர்ந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

எஃப்ஐ அடிக்கடி படுத்தாது. படுத்தினால், சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகுகிறதா என்று காது கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் முதலில் கில் ஸ்விட்ச் (ஹேண்டிலில் இஞ்சினை நிறுத்தும் பட்டன்), அப்புறம் ஃபியூஸ், ரிலே. வண்டி கீழே விழுந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லையா? சாய்வு சென்சார் இஞ்சினை நிறுத்தியிருக்கும், நிமிர்த்திவிட்டு சாவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் (இது தெரியாமல் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது). பம்பே போய்விட்டால் வேனில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

தினமும் ஓஎம்ஆர் சாலை, எப்போதாவது மண்பாதை என்றால் எஃப்ஐ. தனியாக ஆந்திராவின் நாகலாபுரம் மலைப் பக்கம் போகிறவர்களுக்கு என் ஓட்டு கார்புரேட்டருக்கே. ஜெட்டில் மட்டும் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும், கார்ப் கிளீனர் அடித்து ஊதினாலே போதும்.