மொரீஷியஸ் அடுக்ககத்தில் ஃபெங் சுயி: தொடங்குபவர் எந்த முறையைப் பின்பற்றுவது?

ரோஸ் ஹில், காத்ர் போர்ன், எபேன் போன்ற ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகப் பெருக, நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. மனை வாங்கி, முகூர்த்தக்கால் நட்டு, மூலை பார்த்து வீடு கட்டியவர்களுக்கு மனையடி சாஸ்திரம் போதுமானதாக இருந்தது. யாரோ வரைந்த திட்டப்படி எழும்பிய சுவர்களுக்குள் குடிபுகுபவருக்கு அடுப்பங்கரையையோ குளியலறையையோ நகர்த்தும் வாய்ப்பு இல்லை. அதனால்தான் பலரும் இருக்கிற அறைக்குள் பொருள்களை இடம் மாற்றியே சீர் செய்யலாம் என்று சொல்லும் சீன மரபான ஃபெங் சுயியின் பக்கம் திரும்புகிறார்கள். போர்ட் லூயியில் சீனக் கடைத்தெருவும், லெ சலீனில் குவான் தீ கோயிலும் தலைமுறைகளாக இருந்துவரும் இந்தத் தீவில் அது அந்நியமான கலையும் அன்று.

ஆனால் ஃபெங் சுயி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு முறைகள் வழங்குகின்றன. ஒன்று, இடத்தின் உருவத்தையும் காற்று வெளிச்சத்தின் போக்கையும் பார்க்கும் வடிவ முறை. இரண்டாவது, லோபான் என்னும் சீனத் திசைகாட்டியை வைத்துக் கணக்கிடும் திசைகாட்டி முறை. மூன்றாவது, பெய்ஜிங்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லின் யுன் என்பவர் பரப்பிய, வாசலை வைத்து பாகுவா என்னும் சீன மனை வரைபடத்தின் கட்டங்களை வரையும் புதிய முறை. நான்காவதாக, நாம் வேண்டாம் என்றாலும் மனத்தை விட்டுப் போகாத நம்முடைய வாஸ்து இருக்கிறது. இவற்றை ஒன்றோடொன்று கலந்து செய்வதுதான் தொடங்குபவர்களுக்கு நேரும் பெரிய குழப்பம். இந்தத் தீவில் அடுக்ககத்தில் வாழ்பவர் வடிவ முறையில் தொடங்குவதே சரி என்பது என் முடிவு. அதற்கான காரணங்களில் பாதி நம் ஊரின் வானத்திலும் காற்றிலும் இருக்கின்றன.

முதலில் திசைகாட்டி முறையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் பார்ப்பதற்கு மிகவும் துல்லியமானதாகத் தோன்றுவதும், இங்கே மிகவும் இடறுவதும் அதுதான். லோபான் வட்டத்தை 24 பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் 15 டிகிரி. மொரீஷியஸில் காந்த ஊசி உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை. ஏறத்தாழ 18, 19 டிகிரி மேற்கே விலகி நிற்கிறது. அதாவது ஒரு முழுப் பிரிவுக்கும் மேலான விலகல். சென்னையில் இந்த விலகல் இரண்டு டிகிரியைக்கூட எட்டாது என்பதால் அங்கே எழுதப்படும் நூல்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இதன் விளைவை உங்கள் வாசலில் நின்றே பார்க்கலாம். கைப்பேசியின் திசைகாட்டியை வாசலுக்கு நேராகப் பிடித்தால் 125 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுத் திசைக் கணக்கில் அது தென்கிழக்கு. அதே கைப்பேசியின் அமைப்புகளுக்குள் போய் உண்மை வடக்கு என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி பிடித்தால் 107 அல்லது 106 என்று வரும், அது கிழக்கு. வாசல் அசையவில்லை, திசை மாறிவிட்டது. லோபான் காந்த ஊசியையே நம்பும் கருவி என்பதால் மரபான சீன ஆசான்கள் காந்த வடக்கையே எடுப்பார்கள். வாஸ்துவோ சூரியன் உதிக்கும் கிழக்கை வைத்துத் திசை குறித்த மரபு. ஆகவே இந்த இரண்டையும் ஒரே அளவீட்டில் பார்க்கும் எவரும் இரண்டில் ஒன்றையாவது தவறாகவே பார்க்கிறார். அடுக்ககத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளும், மின்தூக்கியும், இரும்புக் கதவும் ஊசியை இன்னும் சில டிகிரி இழுக்கக்கூடும். சுவரை விட்டு விலகி, மூன்று நான்கு இடங்களில் அளந்து ஒப்பிட்டால்தான் ஓரளவு நம்பலாம்.

இதற்கு மேல் தென் அரைக்கோளச் சர்ச்சை ஒன்று இருக்கிறது. சீனாவில் தெற்கு நோக்கிய வீடு சிறந்தது என்றதற்குக் காரணம், வெயில் தெற்கிலிருந்தும் குளிர்காற்று வடக்கிலிருந்தும் வந்ததுதான். நமக்கோ ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கு வானில் ஏறத்தாழ 46 டிகிரி உயரத்தில் நிற்கிறது. நவம்பர் பின்பகுதியிலிருந்து ஜனவரி பின்பகுதி வரை மட்டும் உச்சியைத் தாண்டிச் சற்றே தெற்கே போகிறது. ஆகவே வட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் படிக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சிலர் வாதிடுகிறார்கள். மரபு ஆசான்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் நிலையில் தொடங்குபவர் இல்லை.

திசைகாட்டி முறையின் எளிய பகுதியாகச் சொல்லப்படும், பிறந்த ஆண்டை வைத்து ஒருவருக்கு நல்ல திசைகளைக் குறிக்கும் குவா எண்ணைப் பாருங்கள். 2000-க்கு முன் பிறந்த ஆணுக்குப் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கி, பத்திலிருந்து கழிக்க வேண்டும். பெண்ணுக்கு ஐந்தைச் சேர்த்து மீண்டும் ஒற்றை எண்ணாக்க வேண்டும். பிப்ரவரி 4-ஐ ஒட்டித் தொடங்கும் சீனச் சூரிய ஆண்டுக்கு முன் பிறந்தவருக்கு முந்தைய ஆண்டே கணக்கு. 1984-இல் பிறந்த கணவருக்கு எண் 7. அவருக்கு நல்ல திசைகள் வடமேற்கு, தென்மேற்கு, வடகிழக்கு, மேற்கு. 1986-இல் பிறந்த மனைவிக்கு எண் 1. அவருக்கு நல்லவை தென்கிழக்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு. ஒரே கட்டிலில் தலைவைக்க இருவருக்கும் பொதுவான திசை ஒன்றுகூட இல்லை. மனைவிக்கு நல்லது என்று இந்தக் கணக்கு தரும் வடக்கையோ, ‘உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு’ என்று கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்கள் ஒருபோதும் ஒப்பமாட்டார்கள். அதே முறையின் இன்னொரு பகுதியான, காலத்தையும் திசையையும் சேர்த்துப் பார்க்கும் பறக்கும் நட்சத்திரக் கணக்குக்குக் கட்டடம் எழுந்த காலமும், அது எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அந்த முகம் கட்டடத்தின் தெருவாசலா, உங்கள் வீட்டுக் கதவா, வெளிச்சம் வரும் வராங் என்னும் தாழ்வாரமா என்பதில் வல்லுநர்களே உடன்படுவதில்லை.

லின் யுன் வழிமுறையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. திசைகாட்டியே வேண்டாம், வாசல் இருக்கும் சுவரைக் கீழே வைத்து வீட்டின் வரைபடத்தை ஒன்பது கட்டங்களாக்கினால், உள்ளே நுழைந்ததும் எதிரே இடது கோடியில் செல்வம், வலது கோடியில் இல்லறம் என்று இடங்கள் அமைந்துவிடும். ஒரே அறை கொண்ட ஸ்டூடியோ வீட்டில் இருப்பவருக்கு இது கைக்கு வசதியானது. ஆனால் நம் அடுக்ககங்களில் அடிக்கடி வரும் ட வடிவத் தளத்தில் ஒரு மூலை காணாமற் போகும், அதை ஈடுகட்டப் படிகம், மணி, புல்லாங்குழல் என்று கடைக்குப் போக நேரும். பொருள் வாங்குவதில் தொடங்கும் சீர்திருத்தம் பொருள் வாங்குவதிலேயே தங்கிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. மேலும், எந்த நாட்டில், எந்த மாடியில், எந்தக் காற்றை நோக்கி இருந்தாலும் இம்முறையில் எல்லா வீட்டுக்கும் ஒரே வரைபடம்தான்.

வடிவ முறையோ கண்ணால் பார்க்கச் சொல்கிறது. கட்டிலின் தலைப்பக்கம் திடமான சுவரில் சாய்ந்திருக்க வேண்டும். படுத்தபடியே கதவு தெரிய வேண்டும், ஆனால் கால் கதவுக்கு நேராக நீளக் கூடாது. கட்டிலுக்கு மேலே உத்தரம் ஓடக் கூடாது. கண்ணாடி கட்டிலைப் பார்க்கக் கூடாது. அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் தோளோடு தோள் ஒட்டி நிற்காமல் நடுவே ஒரு கையகல மேடையாவது இருக்க வேண்டும். வாசலுக்கு உள்ளே ஒரு சிறு திறந்த வெளி வேண்டும். செருப்பலமாரியும், மழைக்குடையும், பிள்ளைகளின் பள்ளிப் பைகளும் அங்கே குவிந்து கதவு முழுதாகத் திறக்க முடியாத வீட்டில் எந்தத் திசைக் கணக்கைப் பார்த்தும் பயனில்லை. இவற்றில் எதற்கும் காசு செலவில்லை, வீட்டு உரிமையாளரையோ, அடுக்ககத்தை நிர்வகிக்கும் சிண்டிக்கையோ கேட்க வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் அன்று மாலையே பழையபடி நகர்த்திவிடலாம். செல்வம் பெருகுமா என்று என்னால் சொல்ல முடியாது. தூக்கமும் நடமாட்டமும் மாறுவதை அந்த வாரமே உணர முடியும்.

இந்த முறையிலும் நூலில் உள்ளதை அப்படியே எடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. வாசலும் எதிர்ப்புறத்து வராங் கதவும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் உள்ளே வரும் சீ என்னும் உயிராற்றல் நில்லாமல் ஓடிவிடும், ஆகவே நடுவே மறைக்க வேண்டும் என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கு வாணிபக் காற்று வீசும் இத்தீவில், 1960-இன் கரோல் புயலுக்குப் பிறகு கான்கிரீட்டில் வேரூன்றிய நம் வீடுகளுக்கு அந்தக் குறுக்குக் காற்றே உயிர்மூச்சு. க்யூர்பிப் போன்ற ஈரமான மேட்டு ஊர்களில் அதை அடைத்தால் சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் கறுப்பாய்ப் படர்ந்துவிடும். எனவே பலகைத் தடுப்பு வேண்டாம். இடுப்புயரச் செடித்தொட்டி இரண்டையோ, இடைவெளியுள்ள மூங்கில் தட்டியையோ கோட்டுக்குச் சற்று விலக்கி வைத்துக் காற்றை வளைத்து விடுங்கள். சீயைத் தேக்குவது என்ற நோக்கமும் கெடாது, சுவரும் காயும்.

வாஸ்துவுக்கு வருகிறேன். ஈசானிய மூலையில் சாமி அறை, அக்னி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் குடும்பத் தலைவரின் படுக்கை என்ற ஒழுங்கு நமக்குள் ஊறியது; அதைச் சீன வரைபடத்தின் மேல் பொருத்தினால் மோதும். வாஸ்துவில் வடகிழக்கு நீருக்குரியது, பாகுவாவில் மண்ணுக்குரியது. நெருப்பு நமக்குத் தென்கிழக்கு, அவர்களுக்குத் தெற்கு. இரண்டில் ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக நினைக்காதீர்கள். வடகிழக்குக்குக் காலை வெயில் இங்கும் தாராளமாக வருவதால் சாமி படங்களை அங்கே வைப்பதில் எந்தத் தடையும் இல்லை. விளக்கேற்றும் இடத்தில் மனம் ஒப்பும் திசையே முக்கியம் என்பதால் அதை வாஸ்துவிடமே விட்டுவிடலாம். அக்னி மூலை அடுப்புதான் இங்கே கவனம் கேட்கிறது. காற்று அதே தென்கிழக்கிலிருந்து வருவதால் தாளிப்பு வாசனையும் எண்ணெய்ப் புகையும் நேரே கூடத்துக்குள் புகும். அப்படி அமைந்த வீட்டை வாங்கும்போது புகை உறிஞ்சியின் குழாய் உண்மையாகவே வெளிச்சுவரைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது, மூலை சரியாக இருப்பதைப் பார்ப்பதற்கு எள்ளளவும் குறைந்ததன்று.

எண்கோண பாகுவாக் கண்ணாடி பற்றி ஒரு சொல். எதிர்க் கட்டடத்தின் கூர்முனை நம் ஜன்னலைக் குத்துகிறது என்று அதை வெளியே மாட்டுபவர்கள் உண்டு. அது வீட்டுக்குள் மாட்டும் பொருள் அன்று என்பது ஒருபுறம். அடுக்ககத்தில் அது யாரோ ஒருவர் வாசலைப் பார்த்துத்தான் தொங்கும் என்பது மறுபுறம். சீனரும், இந்துக்களும், முஸ்லிம்களும், கிரியோல் மக்களும் ஒரே நடைபாதையில் கதவு திறக்கும் ஊர் இது. திரைச்சீலையோ, ஜன்னலோரம் இலையடர்ந்த செடியோ அதே வேலையைச் செய்யும்போது அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்துவானேன்?

வடிவ முறையில் வீட்டை ஓராண்டு, அதாவது குளிர்கால வடக்கு வெயிலையும் புயற்பருவத்து ஈரத்தையும் பார்க்கும்வரை, நடத்திப் பார்த்த பின்னும் திசைகாட்டிக் கணக்கு வேண்டும் என்று தோன்றினால், அதை நூல் பார்த்துச் செய்யாமல் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், காந்த வடக்கை எடுக்கிறீர்களா உண்மை வடக்கையா, அடுக்ககத்தின் முகமாக எந்த வாசலைக் கொள்கிறீர்கள், தென் அரைக்கோளத்துக்காக வட்டத்தைத் திருப்புவீர்களா என்று கேளுங்கள். எந்தப் பக்கம் நின்றாலும் பரவாயில்லை. காரணத்தோடு ஒரே பக்கம் நிற்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம். கேள்வியே புரியாமல் விலைப்பட்டியலை நீட்டுபவரைத் தவிர்த்துவிடுங்கள்.