பெங்களூரா, ஓசூரா? நான் பஸ்ஸைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்

மாரண்டஹள்ளியில் இருக்கும் என் சித்தி மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். இப்போது இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று பெங்களூரில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை, சம்பளம் கூடுதல். இன்னொன்று ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில், ஷிஃப்ட் வேலை, நின்றுகொண்டே செய்ய வேண்டும், சம்பளமும் கம்மி. "அக்கா, நீ ரெண்டையும் பாத்தவ, சொல்லு" என்று போன் செய்தாள். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓசூர் கட்சி. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் 'பெங்களூரா' என்றால் மாங்காய். கூழ் ஃபேக்டரிக்கு லாரி லாரியாகப் போகிற அந்த மூக்கு நீண்ட மாங்காய் எனக்குப் பிடிக்கும். அந்த ஊரில் வேலை பார்த்தது மட்டும் ஒத்துவரவில்லை. இரண்டு வருடம் மடிவாளாவில் பி.ஜி. என்கிற தனியார் விடுதியில் தங்கி, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அலுவலகத்தில் இன்சூரன்ஸ் கிளெய்ம் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 2018இல் அதை விட்டுவிட்டு ஓசூருக்கு வந்தேன். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் குவாலிட்டி பிரிவு. இப்போது இருப்பது இரண்டாவது கம்பெனி.

பெங்களூரில் நல்லது எதுவும் இல்லையா என்றால், உண்டு. ஏசி, வாரம் இரண்டு நாள் லீவு, இங்கிலீஷும் கொஞ்சம் கன்னடமும் வாயில் வரும், ஒரு கம்பெனி பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சம்பளத்துக்கு வருவோம். அங்கே என் கைக்கு வந்தது 24,000. அதில் பி.ஜி.க்குச் சாப்பாட்டோடு 8,000. சிட்டி பஸ் பாஸும் அவசரத்துக்கு ஆட்டோவும் 1,500. வாரா வாரம் ஊருக்கு வந்து போக மாதம் 1,600. மதியச் சாப்பாடு, போன், சில்லறைச் செலவு 2,400. மீதி 10,500. ஓசூரில் சேர்ந்தபோது பி.எஃப். பிடித்தது போகக் கைக்கு வந்தது 17,200. பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் சேர்த்து 500 பிடிப்பார்கள், என் செலவு 1,200. மீதி 15,500. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சொந்த வீடு இருந்ததால்தான் இந்தக் கணக்கு. ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கினால் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும்.

ஆனால் நான் முடிவெடுத்தது பணத்தை வைத்து இல்லை. வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்து திரும்ப வந்து கதவைத் திறக்கும் நேரம் வரை எத்தனை மணி நேரம் என்று ஒரு பழைய டைரியில் எழுதிப் பார்த்தேன். பெங்களூரில் காலை 8, இரவு 8. பன்னிரண்டு மணி நேரம். அதில் சில்க் போர்டு சந்திப்பு ஒன்றே தினமும் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். மாதம் 22 நாள் வேலை, அதோடு சனி ஞாயிறு ஊருக்கு வந்து போவதற்கு வாரம் ஆறு மணி நேரம், எல்லாம் சேர்த்து 288 மணி. ஓசூர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் காலை 6 முதல் 2 வரை. ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் 4.40க்குக் கம்பெனி பஸ், மதியம் 3.20க்கு வீடு. 25 நாளுக்குச் சுமார் 267 மணி. வித்தியாசம் 21 மணி நேரம்தான். இதற்கா இவ்வளவு என்று எனக்கே தோன்றியது.

அப்புறம்தான் புரிந்தது, அந்த நேரம் எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெங்களூரு பஸ்ஸில் ஒரு கையால் கம்பி, ஒரு கையால் பை. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் கிருஷ்ணகிரி டோல்கேட்டைக்கூட நான் பார்த்ததில்லை. சூளகிரி தாண்டி சிப்காட் ஸ்பீட் பிரேக்கரில் பஸ் குலுங்கும்போதுதான் கண் திறக்கும். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம், தினமும் இரண்டு மணி நேரத் தூக்கம். ஜன்னல் ஓர சீட்டுக்கு ஒரு துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், கண்ணாடி பனிக்காலத்தில் ஐஸ் மாதிரி இருக்கும்.

மூன்றரை மணிக்கு வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று பெங்களூரில் இருந்தவரை எனக்குத் தெரியாது. தாலுகா ஆபீஸ் திறந்திருக்கும். ரேஷன் கடை திறந்திருக்கும். பேங்கில் மட்டும் ஓடினால் ஓர் ஆளைப் பிடிக்கலாம். அப்பாவின் பட்டா பெயர் மாற்றத்துக்கு ஒரு நாள்கூட லீவு போடாமல் நானே நான்கு முறை அலைந்தேன். பெங்களூரில் இருந்திருந்தால் நான்கு நாள் சம்பளம் போயிருக்கும்.

அதனால், ஓசூர் வேலை என்று யார் சொன்னாலும் நான் சம்பளம் கேட்பதில்லை. பஸ்ஸைப் பற்றித்தான் கேட்கிறேன். பஸ் எந்த ஊர் வரை வருகிறது? ஏறும் இடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எல்லோருக்கும் சீட் உண்டா? காண்ட்ராக்ட் ஆட்களையும் ட்ரெயினிகளையும் ஏற்றுவார்களா, இல்லை கம்பெனி ரோலில், அதாவது கம்பெனியே நேரடியாகச் சம்பளம் போடும் பட்டியலில், இருப்பவர்களுக்கு மட்டுமா? ஓ.டி. பார்த்தால் திரும்பி வர பஸ் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான்கு மணி நேரம் கூடுதலாக நின்றுவிட்டு, பஸ் இல்லாமல் சிப்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து கிருஷ்ணகிரி, அப்புறம் வீடு என்று மூன்று வண்டி மாறினால் அந்த இரட்டைச் சம்பளம் எங்கே தங்கும்?

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. முதல் கம்பெனியில் சேர்ந்த எட்டாவது மாதம் கிருஷ்ணகிரி ரூட்டை நிறுத்திவிட்டார்கள். ஆள் குறைவு, டீசல் கட்டுபடியாகவில்லை என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். ஒரு வாரம்தான் அவகாசம். கையில் கொடுத்த ஆர்டரை எடுத்துப் பார்த்தால் அதில் பஸ் என்ற வார்த்தையே இல்லை. சம்பளம் இருந்தது, லீவு இருந்தது, ஷூ எத்தனை ஜோடி என்றுகூட இருந்தது. மூன்று மாதம் அரசு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். விடியற்காலை வண்டி பத்து நிமிடம் தாமதமானால் பஞ்சிங் லேட். மூன்று லேட்டுக்கு அரை நாள். விட்டுவிட்டு இப்போதைய இடத்துக்கு வந்தேன். இங்கே சேரும் முன்பு எச்.ஆர்.இடம் ஒன்றும் கேட்கவில்லை. மேம்பாலத்தடியில் இரண்டு நாள் விடியற்காலையில் போய் நின்று, பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பது பேருக்கு மேல் ஏறுகிற ரூட்டை அவ்வளவு சுலபமாக நிறுத்த மாட்டார்கள்.

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு சேலம், தர்மபுரி வழியாக ஓசூர் போகிற ரயில் பாதை இருக்கிறது. பஸ் நின்றாலும் ஒரு மாற்று. ஷிஃப்ட் நேரத்துக்கு ரயில் நேரம் ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதுவும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே ஒரு சின்ன ரயில் ஓடியது. அதை அப்போதே நிறுத்திவிட்டார்கள். மாவட்டத் தலைநகராகி 2004இலிருந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ரயில் மட்டும் வரவில்லை.

ஓசூரில் கெட்டது என்ன? செகண்ட் ஷிஃப்ட் வாரம். மதியம் 2 முதல் இரவு 10. 12.40க்குப் பஸ் ஏறினால் வீடு வர 11.20. பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் இல்லை, நான் வரும்போது அவன் தூங்கிவிட்டிருப்பான். காலையில் பல் தேய்க்கும்போதும் சட்டைப் பட்டன் போடும்போதும் பேசிக்கொள்வதுதான். ஒரு முறை இரவு பஸ் சூளகிரிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. லாரிகள் உரசுகிற மாதிரி போகிற ரோட்டோரத்தில் நாற்பது பேர் நின்றோம். வேறு பஸ் வந்து வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டி மணி ஒன்றரை. அடுத்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் ஞாயிறு முழுவதும் தலை கிறுகிறு என்று இருக்கும், பசிக்கிற நேரமும் மாறிப்போகும். எங்கள் கம்பெனியில் பெண்களுக்கு நைட் ஷிஃப்ட் இல்லை. அது இருந்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

வேலை எப்படி என்று தங்கை கேட்டாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் சலிப்பும் இல்லை. ஒரு பாகத்தில் ஓட்டை போட்டு வரும். கையில் ப்ளக் கேஜ் என்று உருளையாக ஒரு கம்பி, ஒரு முனை 'கோ', மறு முனை 'நோ-கோ'. கோ முனையை ஓட்டையில் வைத்தால் அழுத்தாமலே தன் எடையில் வழுக்கி இறங்க வேண்டும். நோ-கோ முனை வாயிலேயே நின்றுவிட வேண்டும். அதுவும் இறங்கினால் ரிஜெக்ஷன். முதல் மாதம் ஒவ்வொன்றையும் அழுத்திக்கொண்டிருந்தேன். "கேஜ் சொல்றத கேளும்மா, நீ அதுக்குச் சொல்லாத" என்றார் சூப்பர்வைசர். கிளெய்ம் தாளில் இப்படி ஒரு தெளிவு கிடைத்ததே இல்லை. அங்கே சரி என்று நான் அனுப்பியதை மூன்று நாள் கழித்து யாரோ தப்பு என்று திருப்பி அனுப்புவார்கள். ஆனால் எட்டு மணி நேரம் நிற்பது நிற்பதுதான். சேஃப்டி ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் தடம் கணுக்காலில் இரவு வரை இருக்கும். நாற்பது வயதில் இந்தக் கால் என்ன சொல்லும் என்று எனக்கே யோசனை.

இன்னொன்று, சேரும்போது யார் ரோலில் சேர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்ரென்டிஸ் என்றால் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடும் கிடையாது. காண்ட்ராக்ட் என்றால் உண்டு, ஆனால் நிஜமாகக் கட்டுகிறார்களா என்று பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். பாஸ்புக்கில் மாதா மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரை இ.எஸ்.ஐ. வரும், ஓசூரிலேயே அதன் மருத்துவமனை இருக்கிறது. என் பிரசவத்துக்கு 26 வாரம் லீவும் பணமும் அதில்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் குறைந்தது 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண்கள் இதை எண்ணிப் பார்க்காமல் கம்பெனி மாறிவிடாதீர்கள்.

அரசு வேலைக்கு குரூப் 4 தேர்வு எழுதலாமே என்று சித்தப்பா கேட்கிறார். 2024 குரூப் 4க்கு முதலில் அறிவித்தது 6,244 இடம், பிறகு கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். நான் ஒரே ஒரு முறை எழுதினேன், தமிழ்ப் பகுதியில் தேறினேன், கணக்கில் விழுந்தேன். அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை குறைவு. எங்கள் பஸ்ஸில் ஒரு பெண் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை போன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டே வருவாள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது முடியும் என்று அவளைப் பார்த்துச் சொல்கிறேன். மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்து படிப்பது சரியா என்று என்னால் சொல்ல முடியாது.

என் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இப்போது மெட்ரோ மஞ்சள் தடம் வந்துவிட்டது, 2025 ஆகஸ்டிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை ஓடுகிறது. அந்தப் பாதையில் வேலையும் பி.ஜி.யும் அமைந்தவர்களுக்கு என் பன்னிரண்டு மணி நேரம் ஒன்பதாகலாம். அங்கே அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதை நம்பிப் போகாதீர்கள், கர்நாடக முகவரி உள்ள அட்டை வேண்டும். இந்தப் பக்கம் அரூர், ஊத்தங்கரை என்றால் ஓசூர் தினமும் போய் வருகிற தூரமே இல்லை. போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட் அவர்களுக்குக் கிட்டம். அங்கே நான் வேலை பார்த்ததில்லை.

தங்கையிடம் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ்ஸை விசாரி என்றேன். நேற்று இரவு பதில் வந்தது. பஸ் ராயக்கோட்டை வரைதான் வருகிறதாம், மாரண்டஹள்ளிக்கு வராதாம். ஏறும் நேரம் 4.50. சித்தப்பா பைக்கில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் கறவை மாடு மூன்று, அந்த நேரத்தில்தான் சொசைட்டிக்குப் பால் கறக்க வேண்டும். யார் கறப்பது என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன்.