பழைய பெல்ட் வண்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தஞ்சாவூரில் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி விற்கும் ஒருவரிடம், பின் சக்கரத்துக்குச் செயின் இல்லாமல் பெல்ட் உள்ள 750 சிசி வண்டி ஒன்றைச் சென்ற தை மாதம் வாங்கினேன். "பெல்ட் இப்பத்தான் புதுசா மாத்தினது சார், எண்ணெய் விட வேண்டாம், இறுக்க வேண்டாம், வண்டி இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்று அவர் அடித்துச் சொன்னார். மன்னார்குடியிலிருந்து தஞ்சைக்கு நாள்தோறும் போய்வருபவன் நான். சேற்றுழவுக் காலத்தில் டிராக்டர்கள் சாலையில் இழுத்துவிட்டுப் போகும் மண் அப்பிய செயினை வாரந்தோறும் மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவிச் சலித்துப் போயிருந்ததால், அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிட்டேன்.

நான்காவது மாதம், வடுவூர் ஏரியைத் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்காக முறுக்கியபோது, முன்கூட்டி ஒரு சிறு சத்தம்கூட இல்லாமல் பெல்ட் அறுந்தது. இன்ஜின் அலறியது, வண்டி வேகம் இழந்தது. எதிரே வந்த பேருந்து ஓட்டுநர் ஓரம் ஒதுங்கி வழிவிட்டதால்தான் இன்று இதை எழுதுகிறேன். செயின் என்றால் தேயத் தேயச் சத்தம் போடும், தொங்கும், பல்லில் துள்ளும். அறுந்தாலும் பக்கத்து ஊர்ப் பட்டறையில் ஒரு லாக் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரலாம். பெல்ட் இணைப்பே இல்லாத ஒரே வளையம் என்பதால் பல வண்டிகளில் பின் சக்கரத்தோடு, அதைத் தாங்கும் சுவிங் ஆர்ம் என்ற சட்டத்தையும் கழற்றித்தான் புதியதை நுழைக்க முடியும். எனவே குட்டியானையில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே பெரிய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அறுந்த பெல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பெல்ட்டின் பலமெல்லாம் ரப்பரில் இல்லை, அதற்குள் ஓடும் அராமிட் என்ற வலுவான செயற்கை இழைகளில் அல்லது கார்பன் இழைகளில்தான் இருக்கிறது. கல் புகுந்து கெட்டிருந்தால் பெல்ட்டின் உட்புறப் பற்களுக்கு நடுவே ஓட்டை இருக்கும், திடீர் இழுப்பில் அறுந்திருந்தால் முனை பிய்ந்து பிசிறடித்திருக்கும். என் பெல்ட்டோ அரிவாளால் வெட்டியதுபோல் நேர்க்கோட்டில் அறுந்திருந்தது. அதற்கு நேர் எதிர்ப்புறத்தில், விரலால் வளைத்தபோது, குறுக்கே இன்னொரு மெல்லிய கோடு வாய் திறந்தது. எங்கோ கழற்றிய பெல்ட்டைத் தட்டையாக மடித்து மூட்டை கட்டி வைத்திருந்தால் மட்டுமே இப்படி எதிரெதிரே இரண்டு இடங்களில் இழை முறியும் என்றார். புதுசு போல மினுமினுக்க மேலே எண்ணெய் வேறு தடவியிருந்தார்கள். அது ரப்பருக்கே ஆகாதது.

பெல்ட்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஹார்லி டேவிட்சன் 1980-இல் ஸ்டர்ஜிஸ் வண்டியில் பெல்ட்டைக் கொண்டுவந்து, பிறகு தன் பெரிய வண்டிகளில் அதையே நிலையாக்கியது. ஒழுங்காகப் போட்ட பெல்ட், என் பழைய வண்டியில் 20,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியிருந்த செயினைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆனால் ஒரே ஒரு முறை மடித்துவிட்டால் அந்த ஆயுள் போய்விடுகிறது, அது வெளியே தெரிவதும் இல்லை.

விற்றவரைக் கேட்டபோது, "ரோட்டுல ஜல்லி அடிச்சிருக்கும், அதுக்கு நான் என்ன செய்ய முடியும்" என்றார். அறுந்த முனையின் படத்தை அனுப்பிய பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. ஆகவே, பெல்ட் மாற்றியதாக யாராவது சொன்னால் எந்த ஒர்க்‌ஷாப்பில், எந்தத் தேதியில் என்று ரசீது கேளுங்கள். சென்டர் ஸ்டாண்டோ ஜாக்கியோ போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, பல் உள்ள உட்புறத்தையும் ஓரங்களையும் டார்ச் வைத்துப் பாருங்கள்; விற்பவர் அதற்கு நேரம் தர மறுத்தால் பணத்தை எடுக்காதீர்கள். அறுந்த பெல்ட்டை நான் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மன்னார்குடிப் பக்கத்தில் இப்படியொரு வண்டி வாங்க நினைப்பவர்கள் வந்தால், அந்த இரண்டு கோடுகளையும் நேரிலேயே காட்டுகிறேன்.