எக்ஸ்ஜி வைத்து சீசனை எடைபோடுவது: அருமையான கருவி, தீராத கடுப்பு

ஒரு கால்பந்து அணியின் சீசனை எடைபோட எக்ஸ்ஜி மட்டும் போதுமா, காசு கட்டி டேட்டா வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். எக்ஸ்ஜி (xG) என்றால் ‘எதிர்பார்க்கப்படும் கோல்’. ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் சாத்தியத்துக்கு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு. பெனால்டிக்கு 0.76 முதல் 0.79 வரை. 38 ஆட்டத்துக்கும் கூட்டினால் அடித்திருக்க வேண்டிய கோல் ஒரு பக்கம், வாங்கியிருக்க வேண்டிய கோல் மறுபக்கம். எனக்குக் கடுப்பு இந்தக் கூட்டலில்தான். ஆனால் முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

புள்ளிப் பட்டியல் பொய் சொல்லும்போது இதைப் போல முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவி வேறு இல்லை. 2014-15 சீசனில் ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட், குளிர்கால இடைவேளையின்போது 17 ஆட்டத்தில் வெறும் 15 புள்ளியோடு கீழிருந்து இரண்டாவது இடத்தில் கிடந்தது. அடித்தது 18, வாங்கியது 26. கோச் க்ளோப்பின் காலம் முடிந்தது, அணி கீழ் டிவிஷனுக்குப் போகிறது என்று எல்லாரும் எழுதினார்கள். ஷாட் கணக்கைப் பார்த்தவர்கள் மட்டும் அவசரப்படவில்லை. வாய்ப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன, பந்துதான் உள்ளே போகவில்லை. சீசன் முடிவில் 46 புள்ளி, 7-ஆம் இடம். அடுத்த வருடம் இத்தாலியின் யுவென்டஸ் முதல் 10 ஆட்டத்தில் 12 புள்ளி எடுத்துவிட்டு 91 புள்ளியோடு சாம்பியன் ஆனதும் இதே ரகம்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இங்கிலாந்து பிரீமியர் லீகில் 2020-21 பிரைட்டன். 41 புள்ளி, 16-ஆம் இடம், அடித்தது 40 கோல். எக்ஸ்ஜி வித்தியாசத்தில் (அடித்திருக்க வேண்டியதிலிருந்து வாங்கியிருக்க வேண்டியதைக் கழித்தால்) அதே அணி லீகின் மேல்பாதியில் நின்றது. அந்த சீசனில் கிரிஸ்டல் பேலஸிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் பிரைட்டனுக்கு 25 ஷாட், பேலஸுக்கு 3. ‘இந்த எண்ணெல்லாம் வெறும் ஆறுதல்’ என்று கிண்டல் செய்தவர்கள் அடுத்த இரண்டு வருடத்தைப் பார்க்கட்டும்: 51 புள்ளியோடு 9-ஆம் இடம், பிறகு 62 புள்ளியோடு 6-ஆம் இடம்.

எதிர்ப்பக்கத்திலும் இது வேலை செய்யும். மான்செஸ்டர் யுனைடெட் 2017-18-இல் 81 புள்ளியோடு இரண்டாமிடம் வந்தது, வாங்கியது 28 கோல்தான். எதிரணிகளுக்குக் கிடைத்த வாய்ப்புகளின் கணக்கோ அதைவிட வெகு அதிகம். நடுவில் இருந்த வித்தியாசத்தின் பெயர் கோல்கீப்பர் டே ஹேயா. அடுத்த சீசனில் அந்த வித்தியாசம் கரைந்தது: 54 கோல் வாங்கி, 66 புள்ளியோடு 6-ஆம் இடம்.

இனி கடுப்புக்கு வருவோம். சீசன் மொத்த எக்ஸ்ஜிக்கு ஸ்கோர் தெரியாது. 0-0-இல் 20-ஆம் நிமிடம் அடித்த 0.30 ஷாட்டும், 5-0-இல் 85-ஆம் நிமிடம் அடித்த 0.30 ஷாட்டும் அதற்கு ஒன்றுதான். இரண்டாவது ஷாட், ரிசல்ட் வந்த பிறகு எழுதிய பரீட்சை. அதற்கும் மார்க் போட்டு மொத்தத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

2019-20 பிரீமியர் லீகை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூல் 32 வெற்றி, 3 டிரா, 3 தோல்வி, 99 புள்ளி, கோல் 85-33. மான்செஸ்டர் சிட்டி 26 வெற்றி, 9 தோல்வி, 81 புள்ளி, கோல் 102-35. கோல் வித்தியாசத்தில் சிட்டி 15 முன்னே, புள்ளியில் 18 பின்னே. எக்ஸ்ஜி பட்டியலிலும் சிட்டிதான் மேலே. உடனே ‘லிவர்பூலுக்கு அதிர்ஷ்டம்’ என்று எழுதக் கிளம்பிவிட்டார்கள். அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சிட்டி வாட்ஃபோர்டை 8-0 என்று அடித்த ஆட்டத்தில் 18 நிமிடத்திலேயே ஸ்கோர் 5-0. மீதி 72 நிமிடத்தில் விழுந்த ஒவ்வொரு ஷாட்டும் சீசன் கணக்கில் ஏறியது, புள்ளியில் ஏறியது அதே 3-தான். லிவர்பூலோ ஒரு கோல் முன்னே போனால் ஆட்டத்தின் சூட்டைக் குறைத்து, பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டிய அணி. அந்தத் திறமைக்கு மொத்த எக்ஸ்ஜியில் இடமே கிடையாது. பார்க்கப்போனால் தண்டனைதான் உண்டு.

2015-16 லெஸ்டருக்கும் இதுதான் நடந்தது. 68-36 கோல், 81 புள்ளி, சாம்பியன். மார்ச், ஏப்ரலில் தொடர்ந்து நான்கு ஆட்டம் 1-0. முன்னே போன அணி பின்வாங்கி நின்றால் எதிரணிக்கு ஷாட் கூடும், அதில் பாதி நெரிசலுக்குள்ளிருந்து அடித்த 0.04, 0.05 வகையறா. இருபது அடித்தால் மொத்தம் 0.9 ஆகிவிடும். பட்டியல் அதைப் பார்த்து ‘லெஸ்டர் தடுமாறியது’ என்கிறது.

சரி, இதற்கு என்ன வழி? ஷாட் வாரியான பட்டியல் கிடைத்தால் எக்ஸெலில் நாமே பிரித்துவிடலாம். அண்டர்ஸ்டாட் போன்ற தளங்களில் 2014-15 முதல் ஆறு ஐரோப்பிய லீகுகளுக்கு ஷாட் விவரம் உண்டு. வேண்டிய எக்ஸெல் பத்திகள் (column): ஆட்டம், பாதி, நிமிடம், எந்த அணி, எக்ஸ்ஜி, ஷாட் வகை, முடிவு, ஷாட்டுக்கு முந்தைய ஸ்கோர். இதில் கடைசிப் பத்திதான் உயிர், அதிகம் சொதப்புவதும் அங்கேதான்.

கோல் ஆன ஷாட்டுக்கு எதிரே கோலுக்குப் பிந்தைய ஸ்கோரை எழுதிவிட்டால், 0-0-இல் அடித்த நல்ல ஷாட்டெல்லாம் ‘முன்னிலை’ கணக்குக்கு ஓடிவிடும். சமநிலைக் கணக்கில் தவறவிட்ட ஷாட்டுகள் மட்டுமே மிஞ்சும். அடுத்த கண்ணி ஓன் கோல், அதாவது தன் வலைக்குள்ளேயே அடித்துவிடும் கோல். பல பட்டியல்களில் அது ஷாட்டாகவே இருக்காது, சிலவற்றில் அடித்தவரின் சொந்த அணிப் பெயரிலேயே இருக்கும். ‘கோல்’ என்ற வரிகளை மட்டும் எண்ணி ஸ்கோரை உருவாக்கினால் அந்த ஆட்டம் முழுவதும் தப்பாகப் போகும். ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசி ஸ்கோரையும் அதிகாரபூர்வ ஸ்கோரோடு ஒப்பிடுங்கள், பொருந்தாதவை தானே மாட்டும். மூன்றாவது, ஒவ்வொரு பாதியின் முடிவிலும் சேர்க்கும் கூடுதல் நேரம். 45+3 என்பது சில இடங்களில் 48 என்றே பதிவாகியிருக்கும், இரண்டாம் பாதியின் 48-ஆம் நிமிடத்தோடு கலந்துவிடும். பாதி என்று தனிப் பத்தி கேட்டது இதற்குத்தான்.

பெனால்டியைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு ரீபவுண்டுகள். பெனால்டியைக் கீப்பர் தட்டிவிட, திரும்பி வந்த பந்தை அடித்தது 0.50 என்றால் கூட்டல் 1.26 வரும். ஒரே தாக்குதலில் ஒன்றுக்கு மேல் கோல் விழ வழியில்லை. இரண்டும் தவறும் சாத்தியம் 0.24 × 0.50 = 0.12, ஆகவே அந்தத் தாக்குதலின் மதிப்பு 0.88. ஒரே அணி சில வினாடிக்குள் அடித்த ஷாட்டுகளை இப்படி இணைத்துவிட வேண்டும். ரெட் கார்டுக்குப் பிந்தைய நிமிடங்களுக்கும் ஒரு குறி போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது சமநிலை, முன்னிலை, பின்னிலை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் ஆடியது என்று பார்த்து, 90 நிமிடத்துக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும். விளக்கத்துக்காகக் கற்பனையான ஒரு அணி: சீசன் மொத்த எக்ஸ்ஜி 52-48 (அடித்திருக்க வேண்டியது 52, வாங்கியிருக்க வேண்டியது 48). பார்த்தால் பரவாயில்லை, பிளஸ் 4. பிரித்தால் சமநிலையில் 1500 நிமிடம், 18-24. முன்னிலையில் 800 நிமிடம், 10-15. பின்னிலையில் 1120 நிமிடம், 24-9. அதாவது ஸ்கோர் சமமாக இருக்கும்போது 90 நிமிடத்துக்கு 1.08-க்கு எதிராக 1.44 கொடுக்கிற அணி இது. பின்தங்கிய பிறகு, எதிரணி ஒதுங்கி நிற்கும்போது, 1.93 எடுக்கிறது. அந்த பிளஸ் 4 முழுக்க அங்கிருந்து வந்தது. ‘அதிர்ஷ்டம் இல்லாத அணி’ என்று மொத்தக் கணக்கு சொல்லும் அணி உண்மையில் ஆட்டத்தை மோசமாகத் தொடங்குகிற அணி. கோச்சை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்ற கேள்விக்கு இந்த இரண்டும் எதிரெதிர் பதில்.

மேலே சொன்ன பிரைட்டன்-பேலஸ் ஆட்டம் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 28-ஆம் நிமிடத்தில் பின்தங்கி, 55-இல் சமன் செய்து, 95-இல் தோற்றார்கள். பெரும்பகுதி நேரம் ஸ்கோர் சமம். ஆகவே அந்த 25 ஷாட்டை ‘பின்தங்கிய அணியின் பதற்றம்’ என்று தள்ள முடியாது.

பிரிப்பதிலும் ஒரு விலை உண்டு. 1500 நிமிடம் என்பது 17 ஆட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாம்பிள் சுருங்கினால் ஆட்டம் காணும். சிட்டி மாதிரி அணி சமநிலையில் இருக்கும் நேரமே குறைவு. அதனால் சமநிலை முழுவதையும், ஒரு கோல் வித்தியாசத்தில் 60-ஆம் நிமிடம் வரையிலானதையும் சேர்த்து ஒரே கணக்காக வைப்பது நல்ல நடுவழி. 60 என்ற எண் வேதவாக்கு இல்லை, 70 என்று வைத்தாலும் படம் பெரிதாக மாறாது. மாறினால் அந்த முடிவை நம்பாதீர்கள்.

எக்ஸ்ஜியை வைத்து ஒரு அணிக்கு எத்தனை புள்ளி வந்திருக்க வேண்டும் என்று போடும் எதிர்பார்ப்புப் புள்ளிப் பட்டியல் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும். ஒரு அணிக்கு 0.50 ஷாட் இரண்டு, இன்னொன்றுக்கு 0.10 ஷாட் பத்து. இரண்டுக்கும் எக்ஸ்ஜி 1.00. கணக்குப் போட்டால் முதல் அணி வெல்லும் வாய்ப்பு 36 சதவீதம், இரண்டாவதுக்கு 31, டிரா 33. புள்ளியாக மாற்றினால் 1.40-க்கு 1.27. ஷாட் ஷாட்டாக ஓட்டிக் கணக்கிடும் தளம் இதைப் பிடிக்கும். மொத்தத்தை வைத்துக் கணக்கிடும் தளம் இரண்டுக்கும் சமமாகப் போடும். எந்தத் தளம் எதைச் செய்கிறது என்று பட்டியலின் தலையில் எழுதியிருக்காது.

அதைவிட மோசம், பிழை வரம்பு போடாதது. நடுத்தர அணிக்கு ஒரு ஆட்டத்தில் புள்ளியின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக ஏறி இறங்கும் அளவு) ஏறக்குறைய 1.3. 38 ஆட்டத்துக்கு அது 8 புள்ளி. அதாவது உண்மைப் புள்ளிக்கும் எதிர்பார்ப்புப் புள்ளிக்கும் நடுவில் 8 வரை வித்தியாசம் வருவது சர்வசாதாரணம், 16 வந்தாலும் இருபதில் ஒரு அணிக்கு நடக்கும். லீகில் இருப்பதே 20 அணி! ஆனால் 5 புள்ளி வித்தியாசத்துக்கு ‘அதிர்ஷ்டசாலிகள்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். 50 எக்ஸ்ஜி எடுத்த அணி 43 அடித்தாலும் 57 அடித்தாலும் ஸ்ட்ரைக்கரைப் பற்றி அதிலிருந்து பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது.

கீப்பருக்கு மட்டும் போஸ்ட்-ஷாட் எக்ஸ்ஜி பாருங்கள், அது கோலை நோக்கிப் போன ஷாட்டுகளை மட்டும் எடுத்து, பந்து எந்த மூலைக்குப் போனது என்பதையும் கணக்கில் சேர்க்கும். வாங்கிய கோலிலிருந்து ஓன் கோலைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். பிபிடிஏ-வுக்கும் (PPDA: எதிரணியை எத்தனை பாஸ் போட விட்ட பிறகு ஒரு தடுப்பு முயற்சி செய்கிறார்கள் என்ற எண்) மேலே சொன்ன ஸ்கோர் பிரச்சினை அப்படியே பொருந்தும்: முன்னிலையில் இருக்கும் அணி பிரெஸ் செய்வதை, அதாவது பந்தைப் பறிக்க நெருக்குவதைக் குறைத்தால் எண் ஏறும், அதைச் சோம்பல் என்று படிக்கக் கூடாது. இரண்டு தளங்களின் எக்ஸ்ஜியை ஒரே ஃபைலில் கலக்காதீர்கள். டிஃபென்டர்கள் நின்ற இடத்தைச் சேர்க்கும் மாடலும் சேர்க்காத மாடலும் ஒரே ஷாட்டுக்கு வேறு வேறு மதிப்பு கொடுக்கும். கோல் முகத்தில் குறுக்கே ஓடி, ஸ்ட்ரைக்கரின் காலுக்கு ஒரு அங்குலம் தப்பிய கிராஸுக்கு எல்லா மாடலும் ஒற்றுமையாக 0 கொடுக்கும். அதற்கு நான் பழகிவிட்டேன்.

நண்பரின் கேள்விக்குப் பதில்: வாங்க வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்றால், சந்தா கட்டினாலும் முகப்பில் நிற்கப்போவது அதே மொத்த எண்தான். அந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகு யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஷாட் பட்டியலும் மேலே சொன்ன எட்டு எக்ஸெல் பத்தியும் ஒரு அணியின் சீசனுக்குத் தாராளம், ஓய்வான ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஸ்கோர் நிலை வாரியாகப் பிரித்து, பிழை வரம்போடு யாராவது விற்க ஆரம்பித்தால் சொல்லுங்கள், முதல் ஆளாகக் காசு கட்டுகிறேன்.