முற்பணத்துக்கும் உறுதிக்கும் இடையில் விழுந்த தென்னை: ஒரு நொத்தாரிசு அலுவலகம் பற்றி

கல்லடியில் பத்துப் பேர்ச் வளவோடு ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்குவதற்காக, மட்டக்களப்பு நகரில் காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தை ஐப்பசியில் நாடினேன். வங்கிக் கடன் கைக்கு வரத் தை மாதமாகும் என்பதால், விலையில் பத்தில் ஒரு பங்கை முற்பணமாகக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் உறுதி (வீட்டைக் கைமாற்றும் இறுதிப் பத்திரம்) முடிப்பதென்று விற்பனை உடன்படிக்கை எழுதிக்கொண்டோம். அந்த மூன்று மாதமும் எங்கள் ஊரில் மழையும் காற்றும் வெள்ளமும் வரும் காலம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உடன்படிக்கையை எழுதிய நொத்தாரிசுக்கு உறைத்திருந்தது.

தரகரோ, வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் போதும், செலவு மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காணி விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்படாவிட்டால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி செல்லாது என்று நொத்தாரிசு சொன்ன பிறகுதான் அவர் வாயை மூடினார். காணிப் பதிவகத்தில் ஏடு பார்த்ததிலும் பழைய உறுதிகளைச் சரிபார்த்ததிலும் குறை சொல்ல எதுவுமில்லை.

கார்த்திகைக் காற்றில் கிணற்றடித் தென்னை குசினிக்கு மேல் சாய்ந்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது, முகட்டோடு இரண்டு சலாகைகள் முறிந்து தொங்கின. உடைந்த ஓடுகள் அடுப்படி நிறையக் கிடக்க, சீமெந்துத் தரையில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர்தான். ஆனாலும், "முற்பணம் வாங்கின அண்டைக்கே வீடு உங்கட வீடாப் போச்சே தம்பி" என்றார்.

அவர் வேண்டுமென்றே ஏமாற்றப் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை. நம் நாட்டுப் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தம் முழுமை பெற்றுவிட்டால், பொருள் கைமாறாதிருந்தாலும் தற்செயலாக நேரும் சேதம் வாங்குபவர் தலையிலேயே விழும். பின்னொருநாள் விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கையை அப்படி முழுமை பெற்ற விற்பனையாகக் கொள்ளலாமா என்பதில்தான் வழக்குக்கு இடமிருக்கிறது. எனக்கு அந்த வழக்கு வேண்டியிருக்கவில்லை. "உறுதி எழுதித் திறப்புக் கையளிக்கப்படும் நாள்வரை கட்டடத்துக்கு நேரும் எந்தச் சேதமும் விற்பனையாளரையே சாரும்" என்ற ஒரு வரி உடன்படிக்கையின் ஆறாம் பந்தியில் இருந்தது. அதை வாசித்துக் காட்டியதும் ஆசிரியர் மறுபேச்சுப் பேசவில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சேதத்தை யார் மதிப்பிடுவது, விற்பனையாளர் திருத்தித் தருவதா விலையில் கழிப்பதா, வீடு குடியிருக்க ஆகாத அளவுக்குச் சிதைந்தால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்பவற்றில் ஒன்றைப் பற்றியும் அந்தப் பந்தி பேசவில்லை. ஆசிரியர் அழைத்துவந்த ஓடாவி ரூ. 110,000 என்றார்; நான் அழைத்துப்போனவர் ரூ. 240,000 என்றார். நொத்தாரிசு எங்கள் இருவரையும் இருத்தி ஒருமுறை பேசினாரே தவிர, பத்திரத்தில் இல்லாததைத் தன்னால் தீர்க்க இயலாது என்று ஒதுங்கிக்கொண்டார். மூன்று வாரம் இழுபட்டு, ரூ. 180,000 விலையில் கழிந்தது.

காப்புறுதி பற்றியும் நொத்தாரிசு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடன் ஏதும் இல்லாத வீடு என்பதால் ஆசிரியர் காப்புறுதி எடுத்திருக்கவில்லை. முழுத் தொகையும் அவருடைய கையிலிருந்தே போனது. இலண்டனில் வீடு வாங்கிய என் மைத்துனர், அங்கே ஒப்பந்தங்கள் பரிமாறப்பட்ட நாளிலேயே பொறுப்பு வாங்குபவருக்கு வந்துவிடுவது வழக்கம் என்பதால், திறப்பு கைக்கு வருமுன்பே காப்புறுதி எடுத்தாராம்.

கட்டணம் நகரத்தில் மற்றவர்கள் கேட்பதைவிடச் சற்றுக் கூட; தொலைபேசியை எடுப்பதும் அருமை. ஆயினும் அந்த ஆறாம் பந்திக்காக ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுக்கிறேன். மாரிக்கு முன் முற்பணம் கொடுக்கப் போகிறவர்கள் இவரிடமே போகலாம்; ஒப்பமிடுவதற்கு முன், மதிப்பீட்டாளர் யார் என்பதையும் எத்தனை நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பதையும் அதே பந்தியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தாமாக அதை எழுதமாட்டார். கேட்டால் மறுக்கவும் மாட்டார்.