ஹை பீமுக்கு எதிராக ஒரு கண்ணாடி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி மாமல்லபுரம் வரை இரவில் சிறிய கார் ஓட்டிச் செல்பவருக்கு, எதிரே வரும் வண்டிகளைவிடப் பின்னால் வரும் வண்டிகளே பெரிய தொல்லை. சாலை நடுவே தடுப்பு இருப்பதால் எதிர்ப்பக்க வெளிச்சம் சற்றுத் தள்ளியே விழுகிறது. ஆனால் பல லட்சம் ரூபாய் விலையுள்ள உயரமான எஸ்யூவி ஒன்று ஹை பீமை, அதாவது தூரத்துக்கு அடிக்கும் உயர் வெளிச்சத்தை, போட்டபடி பத்தடி இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வந்தால், அதன் எல்இடி வெளிச்சம் முழுவதும் நம் பின்பக்கக் கண்ணாடி வழியே நுழைந்து, உள்ளே இருக்கும் பின்நோக்குக் கண்ணாடியில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கிறது. இடப்பக்கம் லாரி போய்க்கொண்டிருப்பதால் உடனே ஒதுங்கி வழிவிட முடியாது என்று தெரிந்தும் அவர்கள் பொறுப்பதில்லை. இந்தத் தொல்லையைத் தாங்க முடியாமல்தான் தானாக மங்கும் பின்நோக்குக் கண்ணாடியை வாங்கிப் பொருத்தினேன்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவின் ஜென்டெக்ஸ் நிறுவனம் 1987-லேயே இந்த வகைக் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் நடுத்தர விலைக் கார்களின் உயர்ரக மாடல்களிலும் இப்போது வருகிறது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு வேதிப்பொருள் கூழ் இருக்கிறது. முன்புறம் பார்த்திருக்கும் சென்சார் வெளியே இருட்டாக இருக்கிறதா என்று கவனிக்கிறது; ஓட்டுநரின் பக்கம் இருக்கும் சென்சார் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை அளக்கிறது. வெளியே இருட்டு, பின்னால் கடும் வெளிச்சம் என்றால் கூழுக்குள் மின்சாரம் பாய்ந்து, கண்ணாடி கரும்பச்சையாக மாறிவிடுகிறது. சீரான வெளிச்சத்தோடு பின்தொடரும் வண்டிக்கு இது மிக நன்றாக வேலை செய்கிறது. கண் கூசுவதில்லை, அதே வேளையில் பின்னால் வருவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரிகிறது. கடும் வெளிச்சம் பட்ட கண் மீண்டும் இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதையும், வயது கூடக் கூட அந்த நேரம் நீளும் என்பதையும் நினைத்தால், நாற்பதைக் கடந்த ஓட்டுநர்களுக்கு இது ஆடம்பரப் பொருளாகாது.

குறையும் இருக்கிறது. கண்ணாடி கருக்கச் சில நொடிகள் தேவை. ஆனால் விலை உயர்ந்த கார்களில் வரும் பலர் வழி கேட்கும் முறை, விளக்கை வெட்டி வெட்டி அடிப்பது. ஒவ்வொரு வெட்டும் ஒரு நொடிகூட நீடிப்பதில்லை என்பதால், கண்ணாடி கருக்கத் தொடங்கும் முன்பே அடி விழுந்துவிடுகிறது. இதைவிட முக்கியமானது அடுத்து நடப்பது: அந்த எஸ்யூவி முந்திச் சென்ற பிறகும் கண்ணாடி சில நொடிகள் கருமையாகவே இருக்கிறது. மங்கிய ஹெட்லைட்டோடு பின்னால் ஒரு பழைய பைக் வந்தால், அந்த நொடிகளில் அது சரியாகத் தெரியாது. எனவே கண்ணாடி தெளிந்த பின்னரே தடம் மாற வேண்டும். வாங்குபவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்வது அவசியம். சைடு மிரர்கள் இரண்டும் பழையபடியே கூசுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பொருத்தும்போது, முன்பக்கச் சென்சாரை மறைக்கும்படி மணிமாலையோ பொம்மையோ தொங்கவிடக் கூடாது. பகலில் அதற்கு இருட்டு என்று பட்டு, தேவையில்லாமல் கண்ணாடி கருக்கும். பின்சீட்டின் நடுத் தலையணை உயரமாக இருந்தால், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைச் சென்சாருக்கு மறைக்காதபடி இறக்கிவிட வேண்டும். ஒயரை வெட்டி ஒட்டாமல் பியூஸ் பாக்ஸிலிருந்து தனி இணைப்பு எடுக்கும் எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது.

எனக்கு உறுத்துவது வேறு. வெளிச்சத்தால் தொல்லை கொடுப்பவரின் காரில் அதற்கான தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. எதிரே அல்லது முன்னே வண்டி தென்பட்டால் ஹை பீமைத் தானாக இறக்கும் வசதியும், முன்னே செல்லும் வண்டியின் மீது மட்டும் ஒளி விழாமல் ஒதுக்கும் மேட்ரிக்ஸ் விளக்குகளும் உயர்ரகக் கார்களில்தான் அதிகம் வருகின்றன. பின்சீட்டும் டிக்கியும் நிரம்பினால் காரின் முன்பகுதி தூக்கி வெளிச்சமும் மேலேறும்; அதைச் சரிசெய்யச் சாதாரணக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்கு அருகில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. நம் மோட்டார் வாகன விதிகளும் எட்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரின் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கின்றன. முன்பெல்லாம் ஹெட்லைட்டின் நடுவே கறுப்புப் பொட்டு வைப்பார்கள். போக்குவரத்துக் காவலர்களே நிறுத்தி ஒட்டியதும் உண்டு. அந்த அக்கறை மறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்தவர் ஒரு பொத்தானைத் தொடாததால், அடுத்தவர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கிறது. மீன் கூடையோடு கோவளத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் திரும்பும் மனிதருக்கு அதற்கும் வழியில்லை. அவருடைய இரு கண்ணாடிகளிலும் அந்த வெள்ளை ஒளி அப்படியே விழுகிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் காரில் உள்ள கண்ணாடியின் அடியில் கைவைத்துப் பார்க்கட்டும். சிறிய நெம்பு ஒன்று இருந்தால் அதை இரவில் இழுத்துவிட்டாலே கூச்சம் வெகுவாகக் குறையும், செலவே இல்லை. நெடுஞ்சாலையில் அடிக்கடி இரவுப் பயணம் செய்பவர்களுக்கும், அந்த நெம்பை ஒவ்வொரு முறையும் இழுத்து விடுவது கவனத்தைச் சிதறடிக்கிறது என்பவர்களுக்கும் தானாக மங்கும் கண்ணாடியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அந்த நெம்பே போதும்.